டிக்கிக்கு ஸ்பானிஷில் எத்தனை பெயர்!

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு சிகிரியா, கண்டி என்று ஓடுகிறவன் நான், வீடு வெள்ளவத்தையில். ஸ்பானிஷ் பேசும் ஆட்களுடன் எப்படிச் சமாளிக்கிறாய் என்று தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிமார் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் "தே தோந்தே சோன்?", அதாவது எந்த ஊர் நீங்கள் என்று கேட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான். ஸ்பெயின்காரருக்குக் கார் 'கோச்சே'. கொலம்பியா, வெனிசுவேலாவில் 'கார்ரோ'. மெக்சிகோவில் இரண்டும் ஓடும். ஆர்ஜென்டீனா, சிலி ஆட்கள் 'அவுத்தோ' எங்கே என்றால் ஓட்டோ ஸ்டாண்டைக் காட்டிவிடாதீர்கள், தேடுவது உங்கள் காரைத்தான்.

அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வது எனக்குச் சரிவராது. பயணம் போகிற ஒழுங்கிலேயே படியுங்கள். பெட்டி ஏற்றும்போது டிக்கியைத் தட்டி, "கோமோ சே தீசே?", அதாவது இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். ஸ்பெயின்காரர் 'மலெத்தேரோ' என்பார், மெக்சிகோக்காரர் 'கஹுவேலா', ஆர்ஜென்டீனாவும் கொலம்பியாவும் 'பவூல்'. சிரித்துக்கொண்டே சொல்லித் தருவார்கள். அன்றிரவே கொப்பியில் ஊர்ப் பெயரோடு எழுதி வையுங்கள்.

டயர்தான் பெரிய தலையிடி. மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் 'யாந்தா' என்றால் டயர். ஸ்பெயினில் அதே சொல் ரிம்மைக் குறிக்கும், டயருக்கு அங்கே 'நெவுமாத்திகோ'. ஆர்ஜென்டீனாவில் 'கோமா', வெனிசுவேலாவில் 'கவுச்சோ'. தம்புள்ளைக்குக் கிட்ட ஒருநாள் காற்றுப் போனபோது, பின்சீட்டில் இருந்த மெக்சிகோ அம்மா "சே பொன்ச்சோ லா யாந்தா" என்றார். நம் பஞ்சர் காதில் விழுந்த மாதிரியே இருந்தது! ஸ்பெயினில் அதற்கு 'பின்ச்சாஸோ'.

பெற்றோல் ஷெட்டில் நின்றால் பொதுவாக 'கசொலீனா' போதும். ஆர்ஜென்டீனாக்காரர் 'நாஃப்தா' என்பார், சிலிக்காரர் 'பென்சீனா'. பிரேக் 'ஃப்ரேனோ', கதவு 'புவெர்த்தா', இஞ்சின் 'மொத்தோர்', சீட் பெல்ட் 'சிந்துரோன்': இவை எங்கும் விளங்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். டாக்சி பிடிப்பதற்கு ஸ்பெயினில் சாதாரணமாகச் சொல்லும் 'கொஹேர்' மெக்சிகோவிலும் ஆர்ஜென்டீனாவிலும் படுகொச்சை. குடும்பமாக வந்தவர்கள் முன்னால் வாயைத் திறந்தீர்களோ, தொலைந்தீர்கள். எந்த ஊர்க்காரர் என்றாலும் 'தோமார்' என்றே சொல்லுங்கள்.