கடைசிப் படியை மட்டும் மாணவருக்கு விடுங்கள்

புதிய வகைக் கணக்கொன்றைக் கற்பிக்கும்போது முதல் கணக்கை முழுமையாகச் செய்துகாட்டிவிட்டு, இரண்டாவதில் கடைசிப் படியை மட்டும் காலியாக விடுங்கள். அடுத்ததில் கடைசி இரண்டு படிகள் என்று பின்னாலிருந்து குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் முழுக் கணக்கையும் மாணவரிடம் ஒப்படையுங்கள்.

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து 4 விநாடியில் சீராக வேகம் குறைந்து நிற்கிறது என்னும் முடுக்கக் கணக்கில், வேகத்தை விநாடிக்கு 20 மீட்டராக மாற்றுவதையும் சூத்திரத்தில் பிரதியிடுவதையும் நீங்களே எழுதிவிட்டால், மாணவரின் கவனம் முழுவதும் விடையான −5இன் எதிர்க்குறி எதைச் சொல்கிறது என்பதில் நிற்கும். அலகு மாற்றத்திலேயே தடுக்கி விழும் பிள்ளை, பாவம், அந்தக் குறியை யோசிக்கும் இடத்துக்கு வந்துசேர்வதே இல்லை. ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தக்கூடியவை மிகச் சிலவே என்பதால்தான், தொடக்க நிலையில் செய்துகாட்டிய கணக்குகள் நன்கு உதவுகின்றன என்பதை ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் சுவெல்லர் 1980களிலேயே இயற்கணிதப் பாடத்தில் காட்டினார்.

அந்த வகைக் கணக்கில் ஏற்கெனவே தேர்ந்த மாணவருக்கு இம்முறை வேண்டாம். தெரிந்த படிகளையே வாசிக்க வைப்பது அவரது வேகத்தைக் கெடுக்கும் என்பதால், அவருக்கு நேரடியாக முழுக் கணக்கையே கொடுத்துவிடுங்கள்.