முப்பது பேர் அலுவலகத்தின் நெட்வொர்க்கை எழுதி வைப்பது எப்படி?

நெட்வொர்க் நின்றுபோன அன்றைக்கு "இந்த ஒயர் எங்கே போகுது?" என்று தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். ஓர் எக்ஸெல் தாளும் ஒரு சனிக்கிழமை மாலையும் இருந்தால் இதைத் தவிர்க்கலாம். சென்னையில் இதற்குத் தோதான நேரம் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம். எப்படியும் எல்லாவற்றையும் இறக்கித் துடைக்கப் போகிறோம். வடகிழக்குப் பருவமழையும் அதற்குப் பிறகுதான் வலுக்கும்.

படி 1: பொருளுக்கு எண்

ரவுட்டர், சுவிட்ச் (பல ஒயர்களை இணைக்கும் நெட்வொர்க் பெட்டி), வைஃபை பெட்டி, யுபிஎஸ், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் 001-இலிருந்து எண் ஒட்டுங்கள். பொருள் கழிந்துபோனாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பழைய பில்லும் ரிப்பேர் கணக்கும் புதுப் பொருளின் தலையில் ஏறும்.

அடாப்டருக்கும் அதே எண்தான். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட் அடாப்டரின் பின் கச்சிதமாக நுழையும், ரவுட்டர் கருகிவிடலாம். சீரியல் நம்பர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துவிடுங்கள். பூஜையன்று அந்த ஸ்டிக்கர் மேலும் காற்றுத் துளைகள் மேலும் சந்தனம் வைக்க வேண்டாம்.

படி 2: ஒயருக்கு லேபிள்

மாடி, பேனல் (ஒயர்கள் வந்து முடியும் பலகை), போர்ட் (ஒயரைச் செருகும் துளை) என்ற வரிசையில் 2-1-07 போல எழுதுங்கள். வெறும் எண் என்றால் எலக்ட்ரீஷியனுக்கும் புரியும். ஒயரின் இரண்டு முனையிலும், பிளக்கிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒட்ட வேண்டும். பிளக்கை வெட்டிவிட்டுப் புதியதைக் கிரிம்ப் செய்யும்போது (அழுத்திப் பொருத்தும்போது) நெருக்கமாக ஒட்டிய லேபிளும் சேர்ந்து போய்விடும். காகிதத்தின் மேல் செலோடேப் சுற்றினால் நம்ம ஊர் வெயிலில் பசை இளகி உரிந்துவிடும். ஒயரைச் சுற்றி ஒட்டும் பிளாஸ்டிக் லேபிள் வாங்குங்கள்.

எந்த ஒயர் எந்த போர்ட் என்று தெரியவில்லையா? ஆள் இல்லாத நேரத்தில், சுவர் சாக்கெட்டில் லேப்டாப்பைச் செருகி, ஐந்து நொடிக்கு ஒருமுறை பிடுங்கிப் பிடுங்கிச் செருகுங்கள். ராக் (சுவிட்சும் பேனலும் இருக்கும் அலமாரி) பக்கம் நிற்பவர், சுவிட்சில் கூடவே அணைந்து எரியும் விளக்கைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஒரு விளக்கும் எரியாவிட்டால், அந்தச் சாக்கெட்டின் ஒயர் சுவிட்சில் செருகப்படாமல் இருக்கலாம், அறுந்தும் இருக்கலாம்.

படி 3: இரண்டு படம்

ஒயர் எங்கே ஓடுகிறது என்பதற்கு ஒரு படம், ஐபி முகவரிகளுக்கு (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய எண்) இன்னொன்று. ஒரே தாளில் இரண்டையும் திணித்தால் எதுவும் புரியாது.

படி 4: ஐபி பட்டியல்

ரவுட்டர் 192.168.1.1 என்றால், கடைசி எண் 2 முதல் 49 வரை பிரிண்டர், கேமரா போன்றவற்றுக்கு. 50 முதல் 200 வரை ரவுட்டர் தானாகக் கொடுக்க. இரண்டும் கலந்தால், பிரிண்டரின் முகவரியே யாரோ ஒருவரின் போனுக்குப் போய்விடும். "சில நேரம் மட்டும் பிரிண்ட் வரலை" என்ற புகார் பலமுறை இங்கிருந்துதான் கிளம்பும்.

படி 5: ஆயுள் கணக்கு

எக்ஸெல்லில் ஒரு பொருளுக்கு ஒரு வரி: எண், மாடல், சீரியல் நம்பர், வாங்கிய தேதி, பில் எண், வாரண்டி முடியும் நாள், இருக்கும் இடம், நிலை. இவற்றோடு, தயாரிப்பாளர் சாஃப்ட்வேர் அப்டேட்டை நிறுத்தும் நாளையும் கட்டாயம் சேருங்கள். ரவுட்டரைப் பொறுத்தவரை வாரண்டியைவிட அதுதான் முக்கியம். அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள்.

யுபிஎஸ் பேட்டரிக்குத் தனி வரி. அது சுமார் 25 டிகிரி வெப்பத்தில் 3 முதல் 5 வருடம் உழைக்கும்; ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மே மாதப் பரணில் அதை வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தரைத்தளத்தில் ராக் இருந்தால், 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டு, அதற்கு மேலே ஏற்றுங்கள்.

படி 6: நகல்

எல்லாவற்றையும் அச்சடித்து ராக் கதவின் உட்பக்கம் வையுங்கள். நெட் போனபிறகு கிளவுடில் இருக்கும் தாளைத் திறக்க முடியாது. பாஸ்வேர்டு மட்டும் இதில் வேண்டாம். அது பாஸ்வேர்டு மேனேஜரில் இருக்கட்டும். சுவிட்ச், ரவுட்டர் செட்டிங்குகளை மாற்றும் ஒவ்வொரு முறையும் தேதியிட்டு பேக்கப் எடுங்கள்.

படி 7: கழித்தல்

பழைய ரவுட்டரை அப்படியே காயலாங்கடையில் போடாதீர்கள். வைஃபை பாஸ்வேர்டும் இணைய இணைப்பின் யூசர்நேமும் உள்ளேயே இருக்கும். ஃபேக்டரி ரீசெட் செய்து, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். எக்ஸெல்லில் அந்த வரியை அழிக்காமல், நிலையில் "கழிவு" என்று மாற்றி, தேதியையும் ரசீது எண்ணையும் எழுதுங்கள்.