ஆளித்திட்டை மீட்க: முதலில் தரையைப் பாருங்கள்

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஹாரிஸ் கிரீக் என்ற உப்பங்கழி இருக்கிறது. அங்கே சுமார் 350 ஏக்கர் ஆளித்திட்டு அமைக்கும் வேலை 2015-இல் முடிந்தது. அந்த முறைதான் கீழே. (ஆளி என்பது பாறையிலும் ஓட்டிலும் ஒட்டி வளரும் ஒரு சிப்பி, oyster; முத்துச்சிப்பி வேறு. ஆளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி எழும் மேடுதான் ஆளித்திட்டு.)

திட்டு சாவதற்குப் பெரிய காரணம் சேறு. படகிலிருந்து நீளக் கழியால் அடியைக் குத்திப் பாருங்கள். ‘டக்’கென்று தட்டி நின்றால் கெட்டித் தரை. கழி தானாக இறங்கினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். திட்டு எழுப்பக் கொட்டும் சிப்பி ஓடெல்லாம் அங்கே புதைந்துபோகும். கோடையில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போகும் ஆழமும் வேண்டாம். சதுர மீட்டருக்கு 5 ஆளியாவது ஏற்கெனவே இருந்தால் ஓட்டில் ஒட்டிய ஆளிக்குஞ்சு மட்டும் விட்டால் போதும். அதற்கும் குறைவென்றால் கல்லோ ஓடோ கொட்டி 30 செ.மீ. வரை மேடு எழுப்புங்கள்.

குஞ்சு ஒட்டவைக்க ஆளியின் பழைய ஓடே சிறந்தது. உணவகங்களில் சேரும் ஓட்டை ஓராண்டு வெயிலில் காயப்போட்டு, சதைத் துணுக்கும் மண்ணும் போக நன்றாகக் கழுவுங்கள். இதில் அவசரப்பட்டால் ஒட்டியிருக்கும் சதை தொட்டியில் அழுகி நீரையே கெடுக்கும்.

கழுவிய ஓட்டைக் கம்பிவலைக் கூடையில் நிரப்பித் தொட்டியில் இறக்குங்கள். பொரிப்பகத்திலிருந்து வரும் லார்வா (நீந்தித் திரியும் இளம் ஆளி), கண்போன்ற கரும்புள்ளி தெரியும் பருவத்தில் இருக்க வேண்டும். அதுதான் ஒட்ட இடம் தேடும் பருவம். அளவு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். ஈரத்துணியில் சுருட்டி, குளிரில் வைத்து அனுப்புவார்கள். குளிரிலிருந்து எடுத்ததும் தொட்டியில் கொட்டாமல், மெதுவாக நீரின் வெப்பத்துக்குப் பழக்குங்கள். காற்றோட்டம் கொடுத்து 2, 3 நாள் விட்ட பிறகே ஆற்றுநீரைப் பாயவிட வேண்டும். முன்பே பாயவிட்டால் ஒட்டாத லார்வா அடித்துக்கொண்டு போகும். ஓட்டை எடுத்து உள்பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள்: மிளகைவிடச் சிறிய பழுப்புப் புள்ளிகள் விரலுக்கு உரசினால், ஒட்டிவிட்டது.

விரிகுடாவில் விடும்போது படகு நகர்ந்துகொண்டே இருக்க, நீர்க்குழாயால் ஓட்டைப் பரவலாகத் தள்ளுங்கள். ஒரே இடத்தில் குவித்தால் அடியில் உள்ளவை மூச்சுமுட்டிச் சாகும்.

உப்பின் அளவையும் பாருங்கள். ஆயிரத்துக்கு 10 பங்குக்குக் கீழே ஆளியைக் கொல்லும் எம்.எஸ்.எக்ஸ். என்ற ஒட்டுண்ணி நோய் நிலைக்காது, அது நல்லதே. ஆனால் அங்கே இயற்கையாகக் குஞ்சு பிடிப்பதும் அரிது, மறுபடி நீங்கள்தான் விட வேண்டிவரும்.

3-ஆம், 6-ஆம் ஆண்டுகளில் எண்ணுங்கள். திட்டின் 30 சதவீதப் பரப்பிலாவது சதுர மீட்டருக்கு 15 ஆளியும், உலர்சதை 15 கிராமும் இருந்தால் தேறியது. இலக்கு 50 ஆளி, 50 கிராம்.