அன்றாடச் சில்லறை விற்பனையை இரட்டைப் பதிவாக எழுதும் முறை

கடைக் கணக்கு எழுதத் தொடங்குபவர்களில் பலர் வங்கியில் வந்து சேர்ந்த தொகையையே விற்பனை என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் தொகையில் அட்டைக் கட்டணம் ஏற்கெனவே கழிந்திருக்கும். வரியும் அதில் கலந்திருக்கும். எனவே விற்பனையை அது நடந்த நாளிலும், பணத்தை அது வந்த நாளிலும் தனித்தனியே பதிய வேண்டும். இரட்டைப் பதிவில் ஒவ்வொரு நடவடிக்கையும் பற்று, வரவு என இரு பக்கங்களிலும் சமத் தொகையில் எழுதப்படும்: ரொக்கம் போன்ற சொத்தோ செலவோ கூடினால் பற்று, விற்பனையோ தர வேண்டிய கடனோ கூடினால் வரவு.

படி 1: கடை மூடியதும் பில் இயந்திரத்திலிருந்து அன்றைய மொத்த அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பில்லுக்கும் தனிப் பதிவு தேவையில்லை, நாளுக்கு ஒரு பதிவு போதும். கடன் விற்பனையை மட்டும் வாடிக்கையாளர் பெயர்வாரியாகப் பிரித்து எழுத வேண்டும்.

படி 2: கல்லாவில் உள்ள ரொக்கத்தை எண்ணி, காலையில் சில்லறைக்காக வைத்த தொகையைக் கழியுங்கள். அறிக்கையின்படி ரொக்க விற்பனை வரியோடு சேர்த்து 6,000 என்றும், எண்ணியதில் 5,980 மட்டுமே இருந்தது என்றும் கொள்வோம். இந்த 20 குறைவை விற்பனையில் கழித்து மறைக்கக் கூடாது. அதற்கென்று தனிக் கணக்கு இருந்தால்தான் அது எப்போதாவது நேர்வதா, அடிக்கடி நேர்வதா என்பது பின்னர் தெரியும்.

படி 3: விற்பனை 10,000, அதன் மீது 10 விழுக்காடு வரி 1,000 எனில், குறிப்பேட்டுப் பதிவு இவ்வாறு அமையும்.

ரொக்கம் – பற்று 5,980
ரொக்கக் குறைவு – பற்று 20
அட்டை வசூல் நிலுவை – பற்று 4,000
கடன் வாடிக்கையாளர்கள் – பற்று 1,000
விற்பனை – வரவு 10,000
செலுத்த வேண்டிய வரி – வரவு 1,000

இரு பக்கமும் 11,000. வரி கடையின் வருமானம் அன்று, அரசுக்குச் செலுத்தும் வரை அது பொறுப்பாகவே நிற்கும். பரிசுக் கூப்பன் விற்றாலும் அப்படித்தான்: வாங்கிய பணத்துக்கு ஈடாகப் பொருள் தரப்படும் வரை அது விற்பனைக் கணக்கில் சேராது.

படி 4: சரக்கிருப்பைத் தொடர்ந்து கணக்கில் வைத்திருப்பவர்கள் இன்னொரு பதிவும் எழுத வேண்டும். விற்றவற்றின் கொள்முதல் விலை 6,500 எனில், விற்ற சரக்கின் அடக்கவிலைக்குப் பற்றும், சரக்கிருப்புக்கு வரவும் வைக்க வேண்டும். ஆண்டு முடிவில் மட்டும் இருப்பெடுப்பவர்களுக்கு இந்தப் படி வேண்டாம்.

படி 5: பொருள் திரும்பி வந்தால் பழைய பதிவை அழிக்காதீர்கள். வரியோடு சேர்த்து 550 திருப்பித் தந்திருந்தால், விற்பனைத் திருப்பத்துக்கு 500, செலுத்த வேண்டிய வரிக்கு 50 எனப் பற்று எழுதி, ரொக்கத்துக்கு 550 வரவு வையுங்கள். மீண்டும் விற்கத்தக்க நிலையில் அப்பொருள் இருந்தால் மட்டுமே அதன் அடக்கவிலையைச் சரக்கிருப்பில் திரும்பச் சேர்க்க வேண்டும். உடைந்து வந்ததையும் சேர்த்துவிட்டால் இருப்பு ஏட்டில் மட்டும் கூடுதலாகத் தெரியும்.

படி 6: சில நாட்களில் அட்டைப் பணம் வங்கிக்கு வரும். 4,000-இல் 80 கட்டணமாகக் கழிந்திருந்தால், வங்கிக்கு 3,920, அட்டைக் கட்டணச் செலவுக்கு 80 எனப் பற்று எழுதி, அட்டை வசூல் நிலுவைக்கு 4,000 வரவு வைத்தால் அந்த நாளின் நிலுவை தீர்ந்துவிடும். தீராமல் நிற்கும் தொகை இருந்தால் பில் அறிக்கையையும் வங்கி அறிக்கையையும் தேதிவாரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது இன்னும் வந்து சேராத பணமாகவோ, பதிய விடுபட்ட அட்டைத் திருப்பமாகவோ இருக்கும்.