‘இம்’ என்ற இடத்தில் நிற்கும் குழந்தைக்குச் சில வாசிப்பு விளையாட்டுகள்

247 எழுத்துகளையும் தடையின்றி ஒப்பிக்கும் ஐந்து வயதுக் குழந்தையிடம் ‘படம்’ என்று எழுதிக் காட்டினால், ‘ப, ட, இம்’ என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பதுண்டு. மெய்யெழுத்துக்கு முன் இகரம் சேர்த்து ‘இக்’, ‘இம்’ என்று நாம் பெயர் சொல்லிப் பழக்கியிருப்பதால், அப்பெயர்களை அடுக்கிப் பார்க்கும் குழந்தைக்குச் சொல் கிடைப்பதில்லை.

ஆகவே முதல் விளையாட்டில் எழுத்தே வேண்டாம். சமையலறையில் நின்றுகொண்டு ‘ம்ம்ம்’ என்று ஒலியை நீட்டி, அவ்வொலியில் தொடங்கும் பொருள்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மஞ்சளை உடனே எடுத்துவரும் குழந்தைக்கு மிளகிலும் முட்டையிலும் மோரிலும் அதே ‘ம்’ இருப்பது பிடிபடச் சில நாள் ஆகலாம். பிடிபட்டபின் உயிர்மெய் என்பது மனப்பாடப் பட்டியலாக அதற்குத் தோன்றாது. க், ட் போன்றவற்றை நீட்டி ஒலிக்க முடியாது என்பதால் ம், ந், ல், ர் ஆகியவற்றோடு தொடங்குவது நல்லது.

அடுத்து, பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டி ப, ம, ல, வ, ர, ன ஆகியவற்றையும், தனித் துண்டுகளில் துணைக்காலையும் கொம்புகளையும் எழுதிக்கொள்ளுங்கள். புள்ளிக்குப் புளியங்கொட்டை போதும். ‘பல’ என்று அடுக்கி, லகரத்தின் தலையில் கொட்டையை வைத்தால் ‘பல்’. நடுவில் துணைக்காலைச் செருகினால் ‘பால்’. வரம் வாரமாவதையும் வனம் வானமாவதையும் குழந்தையே தன் கையால் செய்து பார்க்க வேண்டும்.

உண்மையான இடர் கொம்பில்தான் இருக்கிறது. எழுத்தில் முன்னால் நிற்கும் கொம்பு, ஒலியில் பின்னால் வருகிறது. போதாததற்குத் துணைக்கால் ரகரத்தைப் போலவே தோன்றுகிறது. என் மகள் ‘கொடி’யை நெடுநாள் ‘கெரடி’ என்றே வாசித்தாள். அவளை நடுவில் ‘க’வாக நிறுத்தி, இடப்புறம் நான் கொம்பாகவும் வலப்புறம் அவள் அண்ணன் காலாகவும் நின்று, இருவரும் அவள் கையைப் பிடித்தால் மட்டுமே ‘கொ’ என்று வாய் திறக்கலாம் என்று விதி வைத்தோம். அண்ணன் கையை விட்டால் அவள் ‘கெ’ ஆகிவிடுவாள். வீட்டில் அதிகச் சிரிப்பு எழுந்தது இந்த விளையாட்டில்தான்.

கு, சு, து, மு போன்ற உகர வரிசையைத் துண்டு ஒட்டிக் கற்பிக்க இயலாது, ஏனெனில் அதன் வடிவம் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. இவற்றைப் பாண்டிக் கட்டங்களில் எழுதி, சில்லு விழும் கட்டத்தின் எழுத்தில் தொடங்கும் சொல்லைக் கேட்கலாம்.

‘பம்பரம்’ என்பதில் முதல் பகரமும் இரண்டாம் பகரமும் வெவ்வேறாக ஒலிப்பதற்கு இப்போது இலக்கணம் தேவையில்லை; முழுச் சொல்லை இயல்பாகச் சொல்லிக் காட்டினால் காது திருத்திக்கொள்ளும். ல, ள, ழ வேறுபாட்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

ஓரளவு வாசிக்கத் தொடங்கியதும் சமையலறை டப்பாக்களில் உப்பு, புளி, மிளகு என்று பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள். இரவில் இரண்டு சீட்டுகளை மட்டும் இடம் மாற்றி வைத்துவிட்டு, காலையில் புளி டப்பாவை எடுத்துவரும்படி குழந்தையை அனுப்புங்கள்.