ஏற்றத்தில் கொதிக்கும் பழைய வேன்: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிட்டால் அட்டன் - மஸ்கெலியா ரோட்டில் முன் சீட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரம்கட்டி நிற்கும் வேன்களுக்குக் குறைவிருக்காது. டவுன் ஏஸ், டொல்பின், வெனட், டெலிக்கா எல்லாமே ஓட்டுகிறவரை விட வயதில் மூத்தவை. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே, தண்ணீர் பார்க்காமல் கிளம்பாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். புதிதாக ஹயர் (வாடகைக்கு) ஓட வரும் பிள்ளைகள் எங்கள் காலத்துச் சாரதிகள் செய்த அதே பிழைகளை அதே வளைவுகளில் செய்கிறார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் கியரில் முக்கி ஏறுவது

தண்ணீர் பம்பும் பெரிய காற்றாடியும் என்ஜின் சுழலும் வேகத்துக்குத்தான் சுழலும். மூன்றாம் கியரில் பெடலை அடிவரை மிதித்துக்கொண்டு உறுமி ஏறினால் டீசல் நிறைய எரிகிறது, தண்ணீரோ மெதுவாக ஓடுகிறது. வளைவுக்கு முன்னமே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். சத்தம் கூடும்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும்போது இது இன்னும் முக்கியம். அங்கே ஏற்றம் தொடங்குவதே வெக்கையான சமதரையில். நுவரெலியா ரோட்டில் மேலே போகப் போகக் கிடைக்கும் குளிர்காற்று அங்கே கடைசியில்தான் கிடைக்கும்.

தேமோஸ்டட்டைக் கழற்றி எறிவது

தேமோஸ்டட் என்பது சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் சின்ன வால்வு. அதைக் கழற்றுவதைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். வண்டி ஒருமுறை சூடாகிவிட்டால் போதும், கராஜில் முதலில் கை வைப்பது இதில்தான். “தம்பி, இது ஐஸ் விழுற நாட்டுக்குச் செய்த சாமான், நம்ம வெயிலுக்குத் தேவையில்ல” என்று சொல்லிக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். கீழ்நாட்டு ரோட்டில் சூடு காட்டும் முள் இறங்கியே நிற்கும். பிள்ளைக்கும் சந்தோசம்.

லபுக்கலைக்குப் பக்கத்தில் ஒரு டவுன் ஏஸ் நின்றது. குடும்பத்தோடு நீர்கொழும்புப் பக்கமிருந்து வந்தவர்கள், கூரையில் சாமான் வேறு. “அண்ணே, தேமோஸ்டட் கழட்டியாச்சு, ரேடியேட்டரும் கழுவியாச்சு, ஆனாலும் சூடு ஏறுதே” என்றான் பையன். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹோஸ்களைத் தொட்டுப் பார்த்தேன். மேல் ஹோஸில் விரல் வைக்க முடியவில்லை. ரேடியேட்டரின் அடிப்பக்கம் வெறும் வெதுவெதுப்பு. அதாவது கொதிக்கும் தண்ணீர் ரேடியேட்டருக்குச் சரியாகப் போகவே இல்லை.

காரணம் இதுதான். பல டொயோட்டா என்ஜின்களின் தேமோஸ்டட்டில் இரண்டு தட்டுகள் உண்டு. என்ஜின் குளிராக இருக்கும்போது மேல் தட்டு ரேடியேட்டர் வழியை அடைத்திருக்கும். தண்ணீர் குறுக்கு வழியாக என்ஜினுக்குள்ளேயே சுற்றும். சுமார் 82 டிகிரியில் மேல் தட்டு திறக்கத் தொடங்கும், அதோடு சேர்ந்து கீழ்த் தட்டு நகர்ந்து அந்தக் குறுக்கு வழியை அடைக்கும். சூடு கூடக் கூட முழுத் தண்ணீரும் ரேடியேட்டருக்குத்தான் போயாக வேண்டும். கழற்றிவிட்டால் இரண்டு வாயும் எந்நேரமும் திறந்தே கிடக்கும். தண்ணீர் சுலபமான வழியைப் பிடிக்கும், ஆறாமலே என்ஜினுக்குத் திரும்பும். சமதரையில் மிச்சத் தண்ணீர் ரேடியேட்டரில் ஆறுவதே போதும். இறம்பொடை வளைவுகளில் ஆள் நிறைத்து ஏறும்போது போதாது. இறக்கத்திலும் நுவரெலியாவின் விடிகாலைக் குளிரிலும் இதே வண்டி சரியாகச் சூடேறாமல் புகை தள்ளும், டீசல் குடிக்கும்.

அந்தப் பையனின் வண்டி தப்பவில்லை. ஆறவிட்டுத் தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டர் வாயில் குமிழி வந்துகொண்டே இருந்தது. ஹெட் கேஸ்கட், அதாவது என்ஜினின் அடிப்பாகமான பிளாக்குக்கும் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் தகடு, போய்விட்டது. அந்த டவுன் ஏஸின் 2சி டீசல் என்ஜினில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். அளவு மீறிச் சூடானால் ஹெட் வளைந்துவிடும், சிலவேளை வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு விழும். ஒரு தேமோஸ்டட்டின் விலை எங்கே, ஹெட் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோகும் செலவு எங்கே! கழற்றிய தேமோஸ்டட் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் ஃபியூஸ்களோடு பத்திரமாகக் கிடந்தது. கடையில் ஒரு சட்டி வெந்நீர் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். அழகாகத் திறந்தது.

சந்தேகம் வந்தால் நீங்களும் அப்படிச் சோதியுங்கள். நூலில் கட்டி, சட்டியின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். நன்றாகச் சூடானதும் தட்டு சுமார் 8 மில்லிமீட்டர் எழும்ப வேண்டும். (நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கே சோதித்தால் கொஞ்சம் குறைவாக எழும்பினாலும் பதற வேண்டாம்.) பழுது என்றால் அதே டிகிரியில் புதியது வாங்கிப் போடுங்கள். அதன் விளிம்பில் ஆடும் சின்ன ஊசி மேல் பக்கம் இருக்க வேண்டும், காற்று வெளியேறுவது அது வழியாகத்தான். அப்புறம், சூடானதற்கு உண்மையான காரணத்தைத் தேடுங்கள். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். காற்றாடியின் கிளட்சில் எண்ணெய் வற்றியிருக்கலாம். என்ஜினை நிறுத்தி ஆறவிட்டுக் கையால் சுழற்றினால் காற்றாடி இறுக்கமாகத் திரும்ப வேண்டும். தட்டிவிட்டதும் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் போய்விட்டது.

கையில் கிடைத்த மூடியைப் போடுவது

ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காமல் இருக்கிறது. 0.9 என்று எண் போட்ட நல்ல மூடி 1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில்கூடக் கொதிநிலையை 110 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும். ரப்பர் செத்த மூடி என்றால் தேமோஸ்டட் முழுதாகத் திறக்கும் முன்பே தண்ணீர் கொதித்து வெளியே வரும். பழைய மூடியின் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

கோயில் பேனரை முன்பக்கம் கட்டுவது

ரேடியேட்டருக்குப் போகும் காற்றை அது மறைக்கும், பக்கவாட்டில் கட்டுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரல்

இது பிரேக் சம்பந்தப்பட்ட தவறு: கியர் இல்லாவிட்டால் பாரம் முழுவதும் பிரேக்கில்தான் விழும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று உயிரை விடாதீர்கள்.

ஓடைத் தண்ணீரிலேயே காலம் தள்ளுவது

அவசரத்துக்கு ஊற்றலாம், வேறு வழியில்லை. வீட்டுக்கு வந்ததும் இறக்கிவிட்டு கூலன்ட் ஊற்றுங்கள். துருவும் சேறும் அடைத்த ரேடியேட்டரை எவ்வளவு கழுவினாலும் பழைய நிலைக்கு வராது.

நின்றதும் படும் அவசரம்

வளைவில் நிறுத்தாதீர்கள், நேர்த்துண்டு வரட்டும். முள் ஏறியிருக்கிறது, ஆனால் தண்ணீர் வெளியேறவில்லை என்றால் உடனே ஓஃப் செய்ய வேண்டாம். ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, கியர் இல்லாமல் கொஞ்சம் ரேஸ் கொடுத்து ஓடவிடுங்கள். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். தண்ணீர் கொட்டுகிறது என்றால் அந்த நொடியே ஓஃப். பிறகு குறைந்தது அரை மணி நேரம் எதையும் தொடாதீர்கள். என்ஜின் மேல் தண்ணீர் அடிப்பது வெடித்த ஹெட்டை நாமே வரவழைப்பது. ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து ஓடவிட்டபடி மெல்ல மெல்ல ஊற்றுங்கள். டயருக்கு வைத்த கல்லைக் கிளம்பும்போது எடுத்து ஓரம் போட்டுவிடுங்கள். பின்னால் இருட்டில் மோட்டார்சைக்கிளில் வருகிறவன் என்ன பாவம் செய்தான்?

முள் இறங்கியதும் நிம்மதி அடைவது

ஏறிக்கொண்டிருக்கும்போதே முள் திடீரென்று விழுந்தால் பெரும்பாலும் அது நல்ல செய்தி இல்லை. சென்சர் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சூட்டைச் சரியாகக் காட்டும். தண்ணீர் குறைந்து அது வெறுங்காற்றில் நின்றால் என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே வரும். ஹீட்டரைத் திறந்து பாருங்கள். குளிர்காற்று வந்தால் உள்ளே தண்ணீர் இல்லை, அங்கேயே நிறுத்துங்கள்.