திகில் கதையில் வரும் எபிரேய மந்திரம்: மூலத்தைத் தேடுவது எப்படி

அமெரிக்கத் திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்டைப் படித்துவிட்டு ராத்தூக்கம் கெட்டவர்கள் என் நண்பர்களில் நிறையப் பேர். "அவர் கதையில் வரும் மந்திரமெல்லாம் யூதர்களின் பழைய மந்திரச் சுவடியில் இருக்கிறதாம்" என்று யாராவது ஆரம்பித்தால், "அவர் கைக்கு அது எந்த அச்சுப் புத்தகம் வழியாக வந்தது?" என்று கேட்பேன். பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

தேடலை மந்திரத்திலிருந்தே தொடங்குங்கள். கதையில் உள்ளபடி, எழுத்துப் பிழை உட்பட, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லவ்கிராஃப்ட் 1925இல் எழுதிய 'தி ஹாரர் அட் ரெட் ஹுக்' கதையில், புரூக்ளினில் ஒரு சுவரில் மந்திரம் ஒன்று எழுதியிருக்கும். ஹெல், ஹெலோயிம், சோதெர், இம்மானுவேல், சபாவோத் என்று போய், நடுவே அதோனாய், ஹோமூசியன், மெசியாஸ் எல்லாம் வரும். இப்போது சொற்களைப் பிரியுங்கள். சபாவோத், அதோனாய் எபிரேயம். சோதெர் கிரேக்கம். சரி, ஹோமூசியன்? மகன் தந்தையோடு ஒரே தன்மை உடையவர் என்று 325இல் நைசியாவில் கூடிய திருச்சபைச் சங்கம் வகுத்த கிறித்தவக் கோட்பாட்டின் சொல் அது. எந்த யூத மந்திரவாதி அதைக் கடவுள் பெயராக எழுதுவார்? ஆக, இது ஐரோப்பியக் கிறித்தவர்கள் கையில் உருவான கலவை. லவ்கிராஃப்ட் இதை எடுத்தது என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா ஒன்பதாம் பதிப்பில், மானுடவியலாளர் டைலர் மாந்திரீகம் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து. லவ்கிராஃப்டுக்கு எபிரேயம் தெரியாது. வரவேற்பறை அலமாரியில் இருக்கும் புத்தகத்திலிருந்து இவ்வளவு பயத்தைக் கறந்தாரே, அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும்.

அடுத்தது தேதி: மூலம் என்று சொல்லும் நூல் எப்போது அச்சில் வந்தது என்று பாருங்கள். 'மோசேயின் வாள்' என்ற எபிரேய மந்திர நூலை மோசஸ் காஸ்டர் அச்சிட்டது 1896இல். 'செஃபர் ஹ-ரஸீம்' என்ற இன்னொரு பழைய மந்திர நூலையோ, கெய்ரோ கெனிசாவில் (யூதத் தொழுகைக்கூடத்தின் பழஞ்சுவடி அறையில்) கிடைத்த துண்டுகளையும் பிற பிரதிகளையும் ஒட்டவைத்து மர்காலியோத் 1966இல்தான் வெளியிட்டார். லவ்கிராஃப்ட் இறந்தது 1937இல். அவர் அதைப் படித்திருப்பார் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

எபிரேயத்தில் இருப்பதெல்லாம் மூலம் என்றும் நம்பிவிடாதீர்கள். கோலன்ஸ் 1914இல் வெளியிட்ட 'சாலமோனின் திறவுகோல்' என்ற மந்திர நூலின் எபிரேயப் பிரதியே, ஐரோப்பிய மொழி நூலிலிருந்து எபிரேயத்துக்குப் போனது என்பதுதான் ஆய்வாளர்கள் கருத்து.

சில சமயம் சுவடியே கட்டுக்கதையாக இருக்கும். பிராகா நகரத்து ரபி (யூத மதகுரு) ஒருவர் களிமண்ணால் கோலெம் என்ற உயிருள்ள பொம்மை மனிதனைச் செய்து யூதர்களைக் காப்பாற்றிய கதை இன்று உலகப் பிரசித்தம். யூதல் ரோசன்பெர்க் 1909இல் அதைப் புத்தகமாக்கியபோது, மெட்ஸ் நூலகத்தில் இருந்த, அந்த ரபியின் மருமகன் எழுதிய கையெழுத்துப் பிரதி என்றார். அப்படி ஒரு பிரதியே கிடையாது. எழுதியது ரோசன்பெர்க்கேதான். அதனால் முன்னுரையில் 'கிடைத்த சுவடி' என்று பார்த்தால், எந்த நூலகம், என்ன எண் என்று கேளுங்கள். ஆனாலும் கோலெம் என்ற எண்ணமே அவர் கட்டிவிட்டதில்லை. அதைச் செய்யும் முறையை, 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வோர்ம்ஸ் நகர எலெயசார், 'செஃபர் யெட்சிரா' என்ற பழைய யூத மறைஞான நூலுக்குத் தான் எழுதிய உரையிலேயே எழுதியிருக்கிறார்.

அப்புறம், சுவடிகளை நேரில் பார்க்க ஜெருசலேம் போக வேண்டியதில்லை. இஸ்ரேல் தேசிய நூலகத்தின் க்தீவ் இணையதளத்திலும் கேம்பிரிட்ஜ் டிஜிட்டல் நூலகத்திலும் படங்கள் இலவசம். எபிரேயம் தெரியாதவர்கள், 1983இல் மார்கன் ஆங்கிலத்தில் பெயர்த்த 'செஃபர் ஹ-ரஸீம்' பக்கம் போகலாம். ஏழு வானங்கள், வரிசை வரிசையாகத் தேவதூதர் பெயர்கள். பந்தயத்தில் குதிரை ஜெயிக்க என்ன செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.